வாசல் ஷாட்

மார்கழி 2, திங்கள்
இடம்: கரட்டுப்புதூர் தடுப்பணைக்கு மேற்கே, சாய்ந்த மருதமரத்துக்கு எதிர்க்கரை

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாண வீடியோ எடுக்கிற எங்கள் வாணி வீடியோஸ் ஈ ஓட்டுகிற மாதம். போன வருசம் மாசம் பூராவும் நானும் இவரும் கடையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சண்டை போட்டே கழித்தோம். அதனால்தான் தடுப்பணை மீன் குத்தகைக்காரர் சென்னியப்பன் கடைக்கு வந்து, "ஏனுங்க்கா, ஆத்துல நீர்நாய் மீன் புடிக்கறதை எடுத்துத் தர முடியுங்களா? டிவிக்காரங்க கேக்கறாங்க. நம்ம பவானிக்கு ஒரு பெருமைங்க்கா" என்றதும் நான் யோசிக்கவே இல்லை. டவுனில் புதுசாக ஸ்டுடியோ போட்டிருக்கிற பையன், "அந்தக்கா இன்னும் மயில் வந்து பேரெழுதற கிராபிக்ஸ்லயே இருக்குது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். இனி சொல்லட்டும், பார்க்கலாம்.

ஒளிந்திருந்து எடுக்க மறைப்பு வேண்டும். இவர் பந்தலுக்குக் கட்டுகிற மாதிரியே நாலு மூங்கில் நட்டு, தென்னந்தடுக்கு கட்டி, மேலே பழஞ்சாக்கு போட்டு, லென்ஸ் நுழைய ஒரு ஓட்டை விட்டார். வாசலுக்கு மாவிலை கட்டாததுதான் பாக்கி. கல்யாணத்தில் லைட் பிடிப்பது இவர் வேலை. இங்கே லைட்டே கிடையாது. "அப்பறம் நானெதுக்கு?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தெர்மாஸைத் தூக்க ஆள் வேண்டாமா என்றேன்.

கல்யாணத்துக்குக் குறிப்பெடுக்கிற மாதிரியே இதற்கும் தேதி, இடம், யார் யார் என்று தினம் எழுதி வைக்கப் போகிறேன். மண்டபத்துக்காரர் இனாமாகக் கொடுத்த டைரி சும்மாதான் கிடக்கிறது.

மார்கழி 3, செவ்வாய்
இடம்: அதே

ஒன்றும் வரவில்லை. கொசு மட்டும் வந்தது.

மார்கழி 4, புதன்
இடம்: அதே

இன்றும் இல்லை. எனக்கு மூக்குக்கு மேலே கோபம். யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் பனியைத் திட்டினேன், கோயில் மைக்கைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி என் பக்கத்திலேயே தெர்மாஸோடு உட்கார்ந்திருக்கிறார். தொழில் தொடங்கும்போது கேமராவுக்கு ஊதுபத்தி காட்டுவது இவர் வழக்கம். தினமும் நான் கண்ணை மூடிக் கும்பிடுகிற நேரத்தில் மறைப்புக்குள்ளேயே கொளுத்திச் செருகியிருக்கிறார். மல்லிகை வாசம் ஆற்றுக்கு அந்தக் கரை வரைக்கும் போயிருக்கும்.

"நீர்நாய்க்கு மூக்கு இல்லீங்களா?" என்றேன்.

"சாமி காரியம், புள்ள" என்றார்.

ஊதுபத்தியைத் தண்ணீரில் போட்டேன். சாமி என்னை மன்னிக்கட்டும். இவரை மன்னிக்க வேண்டாம்.

மார்கழி 6, வெள்ளி
இடம்: அதே. எதிர்க்கரையில் மருதமர வேருக்கடியில் பொந்து

வந்தன.

முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் தண்ணீரில் தலைகள். நான் ஏதோ பூனை அளவுக்கு இருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொன்றும் ஆள் காலளவு நீளம். பெருசு ஒன்று, அது மாப்பிள்ளை. கழுத்தில் வெள்ளையாக இருப்பது பெண்ணு. இன்னொரு பெட்டை, எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் ஓடுகிறது. நம் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சிதான் இணைச்சீர் செய்வாள், மண்டபத்தில் அவளை ஒரு நிமிசம் உட்கார்ந்து பார்க்க முடியாது. அதனால் இவள் இணைச்சீர்க்காரி. பொந்து வாசலில் இரண்டு குட்டிகள்.

மூன்றும் வரிசை கட்டி, பந்திக்கு ஆள் விரட்டுகிற மாதிரி, மீன்களை மேட்டுப்பக்கம் ஒதுக்கின. ஒதுக்கி, ஒதுக்கி, தண்ணீர் ஆழமில்லாத இடத்துக்கு வந்ததும் இணைச்சீர்க்காரி பாய்ந்தாள். ஒரு கை நீளக் கட்லா. தலையிலிருந்து கறுக் கறுக்கென்று தின்கிற சத்தம் எதிர்க்கரையில் எனக்குக் கேட்டது. ஷாட் ஆடவில்லை.

"இன்னொருக்கா புடிக்கச் சொல்லு, நான் சரியாப் பாக்கல" என்றார் இவர். கல்யாண வீடியோக்காரன் புத்தி. தாலி கட்டினவனையே திரும்பக் கட்டச் சொல்லுகிற கூட்டம்தானே நாங்கள். ஆற்றில் ரீடேக் கிடையாதுங்க என்றேன்.

மார்கழி 7, சனி
இடம்: கடை

சென்னியப்பனிடம் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இதுக எங்க தங்குதுங்க்கா? குட்டி இருக்குதுங்களா? எந்நேரத்துக்கு உள்ள இருக்கும்?" என்று கேள்விக்கு மேல் கேள்வி. இருபத்தைந்து வருசத்தில் என் வேலையைப் பற்றி ஒருத்தர் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள், "எங்க பெரியப்பா ரெண்டு எடத்துலதான் வர்றாரு" என்றுதான் கேட்பார்கள்.

ராத்திரி சோறு போடும்போது இவர், "அது எந்நேரத்துக்குத் தூங்கும்னு டிவிக்காரனுக்கு எதுக்கு?" என்றார்.

லைட் பிடிக்கிறவருக்குக் கதை சொல்லத் தெரியாது, பேசாமல் சாப்பிடுங்கள் என்றேன்.

மார்கழி 11, புதன்
இடம்: அதே மறைப்பு

எல்லாக் குறிப்பும் எடுத்தாயிற்று. காலையில் வேட்டை. வெயில் ஏறினதும் பாறையில் புரண்டு உடம்பைக் காய வைக்கின்றன. அப்புறம் பொந்துக்குள் தூக்கம். மத்தியானம் வரைக்கும் அசைவு இல்லை.

பெண்ணு இன்று ஒரு வேலை செய்தாள். ஜிலேபி மீன் ஒன்றைக் கவ்வி வந்து, கொல்லாமல் குட்டிகள் முன்னால் விட்டாள். இரண்டும் அதன் மேலே விழுந்து புரண்டு, மீன் நழுவி, ஒன்று இன்னொன்றின் வாலைக் கடித்து, ஒரே களேபரம். நான் சிரித்துவிட்டேன். சிரித்ததில் கேமரா ஆடிவிட்டது. சவுண்டிலும் என் சிரிப்பு. எடிட்டிங்கில் எடுத்துவிடலாம்.

ஒரு விசயம். மாப்பிள்ளை பொந்துக்குள் போனது, ஆனால் நாலு பாகம், ஒரு இருபத்தைந்து அடி தள்ளி, தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியது. வேருக்கடியில் பின்வாசல் இருக்கிறது போல. அதை எடுக்கவில்லை. எந்தக் கல்யாண வீடியோவில் சமையல்கட்டு வாசலைக் காட்டுகிறோம்? கரி பிடித்த சுவரும் எச்சில் இலையும் யாருக்கு வேண்டும்?

மார்கழி 13, வெள்ளி
இடம்: அதே

எனக்கு அதுகள் மேல் பாசம் கீசம் எல்லாம் கிடையாது. வேலைக்காக வருகிறேன். இன்று விடுமுறை எடுத்துக்கொள்ளலாம் என்று இவர் சொன்னார். ஒரு நாள் விட்டால் தொடர்ச்சி போய்விடும் என்று கிளம்பினேன். சளி பிடித்திருக்கிறது. இருமல் வந்தபோதெல்லாம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

மார்கழி 15, ஞாயிறு
இடம்: அதே

மீன் பிடிக்கிற ஆட்கள் இரண்டு பேர் பரிசலில் வந்தார்கள். வலையெல்லாம் கிழிந்து கிடக்கிறது, காலையில் பார்த்தால் மீன் தலை மட்டும்தான் வலையில் மிச்சம் என்று வெளியே நின்ற இவரிடம் புலம்பினார்கள். பாவமாகத்தான் இருந்தது. ஒருத்தர், "எங்கதான் போயி ஒளியுதோ, கரை கரையாத் தேடியாச்சுங்க" என்றார். எங்கே என்று எனக்குத் தெரியும் என்கிற கர்வத்தில் உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன். நான் ஒரு கூமுட்டை. இந்த வரியைப் பத்து நாள் கழித்துத்தான் சேர்க்கிறேன்.

மார்கழி 19, வியாழன்
இடம்: கடை, எடிட்டிங்

சென்னியப்பன் அவசரப்படுத்துகிறார். நாளைக் காலை வேண்டுமாம்.

எப்படித் தொடங்குவது என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்யாணக் கேசட் காலத்திலிருந்து முதல் ஷாட் வாசல் ஷாட்தான். மெயின் ரோட்டு ஆர்ச், அப்புறம் மண்டபத்துக்குத் திரும்புகிற முக்கு, வாழைமரம், போர்டு, வாசல். பார்க்கிறவனுக்கு, தானே நடந்து உள்ளே போகிற மாதிரி இருக்கணும். அதே மாதிரி எடுத்தேன். ரோட்டில் மோட்டார் ரூம், அதை ஒட்டி இறங்குகிற தடம், கரும்புக்காட்டு வரப்பு, பரிசல்துறை, சாய்ந்த மருதமரம், வேர், வேருக்கடியில் பொந்து. பொந்தில் ஒரு குட்டி எட்டிப் பார்க்கிறது. அங்கே நிறுத்தி, புல்லாங்குழல் போட்டேன்.

இவருக்குப் போட்டுக் காட்டினேன். நல்லா இருக்குதா என்றேன். "வழி சுத்தமாத் தெரியுது" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மார்கழி 20, வெள்ளி
இடம்: சென்னியப்பன் வீடு. அப்புறம் ஆறு

விடியும்போதே மறைப்புக்குப் போய், பழைய சின்னக் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டு வந்தேன். இது மணவறைக் கேமரா. கல்யாணத்தில் ஒன்று மேடையைப் பார்த்தபடி அசையாமல் ஓடிக்கொண்டே இருக்கும், நாங்கள் சுற்றிச் சுற்றி எடுக்கிறபோது விட்டுப்போனதை அது பிடித்துக்கொள்ளும். பவர் பேங்க் போட்டால் மத்தியானம் தாண்டி ஓடும். சாயங்காலம் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று பென் டிரைவோடு சென்னியப்பன் வீட்டுக்குப் போனேன்.

முதல் ஷாட்டை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். நான் உட்கார்ந்தபடி பூரித்துப் போனேன். வேட்டையைப் பார்க்கவே இல்லை. "போதுங்க்கா, பின்னாடி பாத்துக்கறேன். நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம், ரெஸ்ட் எடுங்கோ" என்றார். என்றபடியே போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் கேமராவை எடுக்கப் போனோம். எதிர்க்கரை அலங்கோலமாகத் தெரிந்ததும் பரிசலில் அங்கே போனோம்.

மருதமர வேரைக் கடப்பாரையால் பிளந்து போட்டிருந்தார்கள். பொந்து இருந்த இடத்தில் வாய் பிளந்த குழி. அதிலிருந்து மிளகாய்ப் புகை நெடி இன்னும் வந்துகொண்டிருந்தது. பாறையில் ரத்தம் காய்ந்திருந்தது. கோரைக்குள் இணைச்சீர்க்காரி கிடந்தாள். வாயில் கிழிந்த வலைத்துண்டு. அதைக் கடைசி வரைக்கும் விடவில்லை.

இவர் தன் துண்டை எடுத்து அவள் மேலே போட்டார். நான் நின்றபடியே நின்றேன். அழவில்லை. அழ வேண்டிய நேரத்தில் இவரிடம் கேட்டேன், "நீங்க ஏனுங்க அன்னைக்கே கன்னத்துல ஒண்ணு வெச்சுச் சொல்லல?"

"சொன்னா நீ கேக்கற ஆளா?" என்றார்.

மார்கழி 21, சனி
இடம்: மீன் ஏலக் கொட்டகை

ராத்திரி பூராவும் தூக்கமில்லை. விடிந்ததும் ஏலக் கொட்டகைக்குப் போனேன். இவர் பின்னாலேயே ஓடி வந்தார். கூடை கூடையாக மீன் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எந்த டிவிக்காரனய்யா கேட்டான்? பேரைச் சொல்லு" என்றேன். இதுவரைக்கும் அவரை நீங்க என்றுதான் பேசியிருக்கிறேன்.

கொஞ்சம்கூட முகம் மாறவில்லை. "உக்காருங்க்கா. பொய்தான் சொன்னேன். வேறென்ன பண்ணச் சொல்றீங்க? என் ஆளுக வலை பூராவும் நாசம். குத்தகை எடுத்தவன் நானு. ஒரு பொந்தைக் காட்டறதுக்கு ஊருல நாதியில்லை. நீங்கதான் கண்ணாலத்துக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி கூட்டிட்டுப் போயி வாசல்ல நிறுத்துனீங்க. அந்த உபகாரத்தை மறக்க மாட்டேன். தையில என்ற தங்கச்சி புள்ளைக்குக் கண்ணாலம். வீடியோ உங்களுக்குத்தான்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

உபகாரமாம்! எனக்கே காது குத்தி, குத்தின காதில் கம்மலும் போட்டுவிடுகிறான்.

"வலை கிழிஞ்சா என்ன பண்ணறதுன்னு மீன் ஆபீசுல போயிக் கேக்கணும். பொந்துக்குள்ள புகை போடறதுக்கா குத்தகை எடுத்தே? மீனுக்குத்தானே எடுத்தே? ஆத்தையே எழுதி வாங்குன மாதிரி பேசற. குட்டி வெச்சிருக்கற பொம்பளை வீட்டு வாசல்ல மிளகாயைக் கொளுத்தறவன் ஒரு மனுசனா? உன்ற தங்கச்சி புள்ளைக் கண்ணாலத்துக்கு நான் வந்தா, அந்த மண்டபத்து வாசலைப் பாக்கறப்ப எல்லாம் எனக்கு இந்தக் குழிதான் தெரியும். வேற ஆளைப் பாத்துக்கோ."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டேன். கொட்டகையில் ஏலம் கூவுகிறவர்கூட நிறுத்திவிட்டார். ஆனால் சென்னியப்பன் மீதி டீயைக் குடித்துவிட்டு, "செத்தது ஒண்ணே ஒண்ணுதாங்க்கா. மத்தது எப்படித்தான் போச்சோ தெரியல. உள்ள பாத்தா காலி" என்றார்.

அவருக்கு அது குறை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மார்கழி 21, சனி, மறுபடியும்
இடம்: கடை

சின்னக் கேமராவில் இருந்ததைப் போட்டுப் பார்த்தோம். நேற்று எடுத்து வந்தேனே ஒழிய, பார்க்கத் தைரியம் இல்லை.

எல்லாம் இருக்கிறது. நாலு பேர். ஒருத்தன் கையில் போன், அதில் என் வாசல் ஷாட்டைப் பார்த்துப் பார்த்து மரத்தை அடையாளம் காண்கிறான். என் புல்லாங்குழல் சத்தம்கூடக் கேட்கிறது. பொந்து வாயில் வலை கட்டுகிறார்கள். மிளகாயைக் கொளுத்துகிறார்கள். சென்னியப்பன் கரும்புக்காட்டு வரப்பில் நின்று கை நீட்டிச் சொல்கிறார்.

வாசல் வழியாக வெளியே வந்தது இணைச்சீர்க்காரி ஒருத்திதான். வலையில் விழுந்து, வலையோடு உருண்டு, நாலு பேரையும் அங்கேயே பிடித்து வைத்தாள். அந்த நேரத்தில் படத்தின் ஓரத்தில், நாலு பாகம் தள்ளி, தண்ணீரில் ஒரு தலை. பெண்ணு. வாயில் ஒரு குட்டி. கீழ்த்திசையில் போய் மறைந்தாள். கொஞ்சம் கழித்து மாப்பிள்ளை, அதன் வாயில் இன்னொன்று. அத்தனை பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சமையல்கட்டு வாசல். நான் எடுக்காமல் விட்டது.

இவர் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். இந்தத் தடவை நான் மறுக்கவில்லை.

மார்கழி 23, திங்கள்
இடம்: வனச்சரகர் அலுவலகம்

கார்டை அப்படியே கொடுத்தேன். வாசல் ஷாட்டையும் கொடுத்தேன். நீங்க எடுத்ததுங்களா என்று சரகரம்மா கேட்டார். நான்தான் என்றேன். எதற்கு எடுத்தது என்பதையும் விடாமல் சொன்னேன். கூடவே ஆற்றுக்கு வந்து, கோரைக்குள் கிடந்த இணைச்சீர்க்காரியைத் துண்டோடு வண்டியில் ஏற்றிப் போனார்கள், டாக்டர் பார்த்து எழுத வேண்டுமாம். துண்டு வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார்.

மார்கழி 26, வியாழன்
இடம்: வீடு

சென்னியப்பனையும் ஆட்களையும் பிடித்துவிட்டார்கள். சாயங்காலமே அவருடைய மாமனும் மச்சானும் வீட்டுக்கு வந்து, ஊருக்குள்ளேயே பேசி முடித்திருக்கலாமே, ஒரு நாய்க்காகவா என்றார்கள். இவர் காபி கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அது நாயில்லீங். பேருல மட்டுந்தான் நாய்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் நான் இவரை முழுசாகப் பார்த்தது இன்றைக்குத்தான்.

மார்கழி 28, சனி
இடம்: கடை

தைக்கு ஒப்புக்கொண்டிருந்த கல்யாணங்களில் இரண்டு, புது ஸ்டுடியோவுக்குப் போய்விட்டது. சென்னியப்பன் ஜாமீனில் வந்து, "அந்தக்காதான் கூலிக்கு வழி காட்டுச்சு" என்று ஊர் முழுக்கச் சொல்கிறார். ஒரு பாதி உண்மை. அந்தப் பாதிதான் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

தை 4, வியாழன்
இடம்: கடை

சரகரம்மா போன் செய்தார். மிச்சமிருப்பது எங்கேயாவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள், ரிப்போர்ட்டில் இடம் சேர்க்கணும் என்றார். நல்ல மனுசிதான். சரிங்க என்றேன்.

தை 8, திங்கள்
இடம்:

மளிகைச் சாமான் வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, பத்து நாளாக நானும் இவரும் வண்டியில் கரையோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தோம். இன்றைக்கு விசில் சத்தம் கேட்டது. இவர்தான் முதலில் கேட்டு வண்டியை நிறுத்தினார்.

மாப்பிள்ளை, பெண்ணு, இரண்டு குட்டி. குட்டிகள் இப்போது நன்றாக முங்குகின்றன. மீனை ஒதுக்க மூன்று பேர் வேண்டும், இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். இணைச்சீர்க்காரி நின்ற பக்கம் திறந்தே கிடந்தது, மீனெல்லாம் அந்த வழியாகத் தப்பித்துப் போயிற்று. திரும்பவும் ஒதுக்கினார்கள். திரும்பவும் போயிற்று. அப்புறம் பெரிய குட்டி போய் அந்தப் பக்கத்தில் நின்றது. சின்னதாக ஒரு கெண்டை கிடைத்தது.

"கேமரா எடுத்துட்டு வரட்டுமா?" என்றார் இவர்.

வேண்டாமுங்க என்றேன்.

வீட்டுக்கு வந்து பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு நாளும் எவ்வளவு அழகாக இடம் எழுதியிருக்கிறேன். கரை, மரம், வேர், பொந்து. மேலே இன்றைக்கும் கைப்பழக்கத்தில் எழுதத் தொடங்கிவிட்டேன், அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். சரகரம்மாவுக்கு நாளைக்குப் போன் செய்து, எங்கேயும் பார்க்கவில்லைங்க என்று சொல்லப் போகிறேன். இவரும் அப்படித்தான் சொல்லுவார்.